ஆவாரைக்கும் ஒரு மேடை

கயத்தாறு பெருமக்களே!

இந்த ஊரில் யார் மேடையேறினாலும் முதல் கும்பிடு ஒருவருக்குத்தான். 1799 அக்டோபர் 16-ல் தூக்குக்கயிற்றைத் தலை நிமிர்ந்து ஏற்ற அந்த மாவீரனுக்கு. பெயர் சொல்லவா வேண்டும்? உங்கள் கைதட்டலே சொல்லிவிட்டது!

அவர் மண்ணின் செடிதான் ஆவாரை. மணல் தேரியோ, செவக்காடோ, கரிசல் வரப்போ, தண்ணீர் கேட்காமல் இடுப்புயரம் வளரும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல ஓர் இலைச்செதில். கிளை நுனியில் கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் ஆவிரையும் உண்டு.

சோறும் போட்டிருக்கிறது. திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில்தான். வெயிலில் காடுகாடாய் அலைந்து பட்டை உரித்துச் சுமந்தவர்கள் ஏழை எளியவர்கள். தோல் கப்பலேறியது, பட்டை உரித்த கைக்கு எந்த ஊரில் சிலை இருக்கிறது? பின்னால் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, குரோம் வந்தது. பாலாறு பட்ட பாட்டை 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியது.

தெலங்கானாக்காரர்களைப் பாருங்கள்! இதே பூ அங்கே தங்கேடு; அதுதான் மாநிலப் பூ. பதுகம்மா விழாவில் அடுக்கடுக்காய் வைத்துச் சுற்றிவந்து கும்மி கொட்டுகிறார்கள். கரிசலில் தெலுங்கு பேசும் வீடுகளுக்கா பஞ்சம்? அந்த வீட்டுப் பாட்டிமாரைக் கேளுங்கள், தங்கேடு என்றதும் முகம் மலரும்.

இங்கே என்ன நடந்தது? கண்மாய்க்குள்ளும் கரையிலும் சீமைக்கருவைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. 2017-ல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. பொக்லைன் வந்தது, போட்டோ எடுத்தார்கள், போனார்கள். தூரைப் பறிக்காமல் விட்டால் அடுத்த மழைக்கே துளிர்க்கும் என்பது ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கனவான்களுக்குத் தெரியவில்லை! இன்னும் சிலர் இருக்கிறார்கள். நர்சரி அலங்காரச் செடியை மாலை மரியாதையோடு நட்டுவிட்டு, மறுநாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கருகவிடுகிறவர்கள்.

ஆவாரைக்குக் கூண்டு வேண்டாம். ஆடு அவ்வளவாக வாய் வைக்காது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த இடத்தில் வெள்ளைக்காரன் ஆமணக்கு விதைத்தான் என்று சொல்வார்கள். அந்த மாவீரன் பெயரையே மண்ணிலிருந்து துடைக்கப் பார்த்தான். முடிந்ததா? முடியவில்லை! அதே சீமையில் இன்று விதைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

காய்ந்த ஆவாரை நெற்றைப் பறித்து வையுங்கள். விதை ஓட்டைச் சற்று உரசி, ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் சாலையோரத்திலும் பள்ளிக்கூட வேலியிலும் ஊன்றுங்கள். வருகிற கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: கருவையைத் தூரோடு பறித்த பொட்டலில் ஆவாரை விதைக்கத் தீர்மானம் போடுங்கள் என்று.