பேட்ச் பேனல் வரியை அடித்துவிட வேண்டாம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கேமரா, இன்டர்காம், மாடி வைஃபை எல்லாவற்றுக்கும் புதிதாகக் கேபிள் இழுக்க எஸ்டிமேட் வந்திருக்கிறது. அதில் ‘பேட்ச் பேனல், 24 போர்ட்’ என்று ஒரு வரி. "கரண்ட்டும் வாங்காது, லைட்டும் எரியாது, இது எதற்கு? அடித்துவிடலாமே" என்று கமிட்டியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எம்.டி.எஃப். என்று ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிற்கும். ஊரிலிருந்து வரும் லைன்கள் ஒரு பக்கம், எக்ஸ்சேஞ்சின் நம்பர்கள் மறுபக்கம், நடுவில் ஜம்பர் ஒயர். பங்களாமேட்டில் இருந்தவர் அல்லிநகரத்துக்கு வீடு மாறினால், புது வீட்டுக்கு லைன் இருந்தால் போதும், ஜம்பரை மாற்றிப் போடுவார்கள். நம்பர் அதே நம்பர். பேட்ச் பேனல் அந்தச் சட்டத்தின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவருக்குள் போகும் கேட் 6 கேபிளில் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. ஒவ்வொன்றும் ஒற்றைச் செம்புக் கம்பி; அடிக்கடி வளைத்தால் முறிந்துவிடும். அதைப் பேனலின் பின்பக்கம் பஞ்ச் டூலால் அழுத்திப் பொருத்திவிட்டால் பிறகு யாரும் தொட வேண்டியதில்லை. முன்பக்கப் போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்குப் போவது பேட்ச் கார்டு. அது மெல்லிய இழைகளால் ஆனது, வளையும். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு வாங்கிச் சொருகலாம்.

பேனல் இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு நம் இரண்டாம் மாடி கேமராவே சாட்சி. சுவர்க் கேபிளை நேரே ஸ்விட்சில் சொருகியிருந்தார்கள். சர்வீசுக்கு வருகிறவர் இழுக்கும்போதெல்லாம் பிளக்கின் கிளிப் உடையும். நுனியை வெட்டிப் புதுப் பிளக் அடிப்பார். வெட்டி வெட்டிக் கேபிள் குட்டையாகி எட்டாமல் போனது. நடுவில் ஒட்டுப் போட்டார்கள். கீழே பைக் காணாமல் போன இரவில் அந்தக் கேமராவில் படமே இல்லை. பைக்கைப் பறிகொடுத்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

"நடுவில் இன்னொரு இணைப்பு என்றால் இன்னொரு பழுதுக்கு இடம்தானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரிதான், வேலை மோசமாக இருந்தால். பொருத்தும் இடத்தில் ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. இரு முனையிலும் ஒரே வண்ண வரிசை வேண்டும். கேமராவுக்குக் கரண்ட்டும் இதே கேபிளில் போவதால், செம்பு முலாம் பூசிய அலுமினியம் கூடவே கூடாது. பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும், சுரண்டிப் பாருங்கள். ஷாஃப்டில் மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பேனலிலிருந்து சுவர்ப் புள்ளி வரை 90 மீட்டர் உச்சவரம்பு. நம் ஐந்து மாடிக்கு அது தாராளம்.

பேனல் போட்டால் நெட் வேகம் கூடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இடி மின்னலையும் அது தடுக்காது. வீட்டுக்கு வீடு வரும் ஃபைபருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கண்ணாடி இழை, அதற்குப் பெட்டி வேறு.

பேனலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நாற்பது பக்க நோட்டு. போர்ட் 7 எந்த மாடி, எந்தக் கேமரா, என்றைக்கு மாற்றினோம், யார் மாற்றினார். நம்பர் ஒட்டாத பேனல், பெயர் எழுதாத லெட்ஜர் மாதிரி. இருபத்து நான்கு ஓட்டையில் எதை இழுப்பது என்று வருகிறவருக்குத் தெரியாது. நோட்டில் ஒரு நகல் செயலாளரிடமும் இருக்கட்டும்.

ஒவ்வொரு லைனையும் டெஸ்டர் வைத்து நம் எதிரில் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுப்போம் என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். ரேக்கை மோட்டார் ரூமில் வைக்கலாம் என்கிறார்கள். அங்கே ஈரம். வாட்ச்மேன் அறைச் சுவரில், ஆள் நெஞ்சு உயரத்தில் மாட்டலாம் என்பது என் யோசனை. ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.