கொள்ளையன் தோளில் கொடி ஏறும்போது



படுகொலை ஒரே இரவில் பிறப்பதில்லை. அதற்கு முன்பே ஆள் சேர்க்கிறார்கள். யாரைச் சேர்க்கிறார்கள் என்று உற்றுநோக்குவோர், வரப்போகும் கேட்டினை முன்கூட்டியே உணரலாம். எப்படி என்கிறீர்களா? யுகோஸ்லாவியாவைப் பாருங்கள்.

அர்க்கான் என்று அழைக்கப்பட்ட ஜெல்கோ ரஜ்னடோவிச், 1970-களில் மேற்கு ஐரோப்பாவில் வங்கிகளைக் கொள்ளையடித்தவன். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் சிறையிலிருந்து தப்பியவன். பல நாட்டுப் போலீசார் தேடிய அந்தப் பேர்வழி பெல்கிரேடில் ஒளிந்தா வாழ்ந்தான்? இல்லை! 'ரெட் ஸ்டார்' கால்பந்துக் குழுவின் இரசிகர் கூட்டத்திற்குத் தலைவனாக உலவினான். 1990 அக்டோபரில் அந்த இளைஞர்களைத் திரட்டி, 'செர்பியத் தொண்டர் படை' கண்டான்.

அன்றே அபாயச் சங்கு ஊதிவிட்டது. கேட்டோர் சிலரே!

1992 ஏப்ரல் தொடக்கத்தில் அப்படை போஸ்னியாவின் பியெலினா நகருள் புகுந்தது. சில நாட்களில் திரட்டப்பட்ட சடலங்கள் 48. பெரும்பாலோர் சீருடை அணியாத குடிமக்கள். பெண்களும் அவர்களுள் உண்டு. கொன்றவனுக்குக் கிடைத்தது கூண்டா? அதே ஆண்டு டிசம்பரில் செர்பியச் சட்டமன்றத்தில் நாற்காலி! 1997-ல் அனைத்துலக நீதிமன்றம் குற்றம் சாட்டியது. கூண்டேறாமலே, 2000 சனவரியில் பெல்கிரேடு ஓட்டலொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

ஆட்சியாளருக்குக் கொள்ளையன் ஏன் தேவைப்படுகிறான்? கொலைக்கு அவன் கை கூசுவதில்லை. கூலி தரவேண்டியதில்லை, கொள்ளைப் பொருளே கூலி. பழி வந்தால், 'அவன் எங்கள் ஆள் அல்லன்' என்று கைகழுவலாம். ஆனால் கைகழுவல் என்றும் பலிப்பதில்லை. செர்பிய உளவுத்துறைத் தலைவராயிருந்த யோவிட்சா ஸ்தானிசிச்சுக்கு, இத்தகைய படைகளின் கொடுமைகளில் பங்குண்டு என்று 2023 மே திங்களில் ஹேக் நகரில் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முப்பதாண்டு கழித்து வந்த நீதி! மாண்டவர் மீளவில்லை.

ஆகவே, அறிகுறிகளை மனத்தில் பதியுங்கள். தேடப்படுபவன் வெளிப்படையாக உலவுகிறான். போலீஸ் பாராமுகம் காட்டுகிறது. அவன் பெயரோடு 'நாட்டுப் பற்றாளன்' என்ற பட்டம் ஒட்டப்படுகிறது. வேலையற்ற இளைஞர் அவன் பின்னால் அணிவகுக்கின்றனர். இந்த நான்கும் கூடினால், அடுத்து வருவது தீ!

இது பிறர்க்கு மட்டும் சொன்னதா? அன்று, தோழர்களே, நமக்கும்தான். போராட்டத்தில் சிறை புகுந்த மாவீரர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் நம் செல்வம். அடிதடியையும் ஆள்கடத்தலையும் தொழிலாகக் கொண்டவன், கட்டுப்பணத்தோடும் ஆளுயர மாலையோடும் நம் மேடையேற வருவான். 'தேர்தல் நேரம், பயன்படுவான்' என்று சிலர் காதில் ஓதுவர். இணங்காதீர்! அவனுக்கு நாம் கொடுக்கும் கொடி, நாளை அவன் ஏந்தப் போகும் துப்பாக்கிக்கு உறை!

கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள், 'இவர் யார்?' என்று. அந்த ஒரு கேள்வியை உரிய காலத்தில் கேட்கும் துணிவே, நாளை ஓர் ஊரைக் காக்கும்.