ஆட்டோகிளேவும் அம்மாவின் குக்கரும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரித் தொற்றுக்கும் எஞ்சினியருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கை கழுவுவது டாக்டர், நர்ஸ் பாடு, சரி. ஆனால் ஆபரேஷன் கத்தியைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறதே, அது முழுக்க நம்ம தெர்மோடைனமிக்ஸ்!

குக்கர் வைத்ததும் அம்மா வெயிட் போடமாட்டார்கள். ஆவி சீராக வரட்டும் என்று காத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், அதுதான் விஷயம். 1879-இல் பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லாண்ட் உருவாக்கிய ஆட்டோகிளேவுக்கும் இதே விதிதான். சுத்தமான நீராவி என்றால் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ். 15 நிமிடம் பிடித்தால் ஸ்போர்கூடச் சாகும். காற்று கலந்திருந்தால்? கேஜ் அதே 15 பவுண்டைக் காட்டும், சூடு மட்டும் 121-ஐத் தொடாது. காற்று நீராவியைவிடக் கனம், அடியில் தேங்கும். நீராவி நீராகும்போது கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் மறைவெப்பத்தைக் கொட்டுகிறது. காற்றிடம் அந்தச் சரக்கு இல்லை. அதனால்தான் வெறும் சூடான காற்று என்றால் 160 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறார்கள்.

1972-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஏற்றிய நோயாளிகள் சிலர் இறந்தார்கள். பாட்டில்கள் முந்தைய ஆண்டு தயாரானவை. ஆலையின் ஆட்டோகிளேவில் அடியில் காற்று தங்கியதால் கீழ்வரிசைப் பாட்டில்கள் வேண்டிய சூட்டை எட்டவில்லை. வெப்பப் பதிவுக் கருவி அதைச் சரியாகவே காட்டியிருக்கிறது. கருவிதான் கெட்டுவிட்டது என்று எண்ணி மற்ற கேஜ்களை நம்பிவிட்டார்கள்! லேபில் ரீடிங் ஒத்துவராவிட்டால் "மீட்டர் ரிப்பேர் சார்" என்கிற பேர்வழிகள் எல்லா செட்டிலும் உண்டல்லவா, அதே கதை.

டிரம்மில் துணியை அமுக்கி அடைத்தாலும் இதே கோளாறுதான். நடுவில் ஆவி போகாது. பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறியதே என்பார்கள். அது வெளிச்சூட்டைத்தான் சொல்லும். உள்ளே ஒரு இண்டிகேட்டர் வேண்டும், அவ்வப்போது ஸ்போர் டெஸ்ட்டும் வேண்டும். ரத்தம் காய்ந்த கத்தரியைக் கழுவாமல் வைத்தால் பிரயோஜனமில்லை. ஈரமாக வந்த பொட்டலம் தியேட்டருக்குள் போகவே கூடாது; ஈரத்துணி வழியே கிருமி உள்ளே ஏறிவிடும்.

ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ் பார்க்கும் நண்பர்களுக்கு ஒன்று. அடியில் உள்ள டிரெயின் வடிகட்டியில் நூலும் பஞ்சும் அடைத்தால் காற்று எப்படி வெளியேறும்? அதைத் தினமும் கழற்றிக் கழுவ ஒரு ஆளின் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வார்டு பாய் வருவார் என்று விட்டால் யாருமே வரமாட்டார்கள்.