கிளச்சைப் பிரிக்கும்போது



மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர் எவரும் இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று சாமானின் விலை, மற்றொன்று கூலி. சில வேலைகளில் சாமானின் விலை மிகுதியாகவும் கூலி குறைவாகவும் இருக்கும். வேறு சில வேலைகளிலோ, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்த் துண்டு ஒன்றை எட்டிப் பிடிப்பதற்காகவே வண்டியின் பாதியைக் கழற்ற நேரிடும். இந்த இரண்டாம் வகையில் முக்கியமானது கிளச் மாற்றும் வேலை. அந்த வேலையோடு சேர்த்துக் கவனிக்கத்தக்க சிறு பாகங்கள் எவை, அவற்றை அப்போதே மாற்றிவிடுவது ஏன் நன்று என்பவற்றை இன்று ஆராய்வோம்.

கொல்கத்தாவில் அம்பாசடர் டாக்சியிலோ, மும்பையில் 2023 வரை ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சியிலோ பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்து சென்றவர்களுக்கு, காலடியில் மேடுபோல் எழுந்து நின்ற இரும்புத் தரை நினைவிருக்கும். அந்த மேட்டின் அடியில் ஒரு நீண்ட தண்டு சுழல்கிறது. இவ்வகை வண்டிகளில் எஞ்சின் முன்னே இருக்கிறது; அதன் பின்னால் கிளச், அதை ஒட்டிக் கியர் பெட்டி, அதற்கும் பின்னால் இந்தத் தண்டு, முடிவில் பின்சக்கரங்களின் அச்சு. சக்கரங்களோடு தண்டு பிணைந்திருப்பதால், வண்டி நின்றால் தண்டும் நின்றுவிடும்.

இத்தாலி நாட்டின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆல்ஃபெட்டா என்னும் வண்டியில் இந்த வரிசை மாறியது. 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பந்தயப் பட்டத்தை வென்ற கார்களுக்கு மக்கள் வழங்கிய செல்லப்பெயரே ஆல்ஃபெட்டா. அந்தப் பந்தய வண்டிகளில் கியர் பெட்டி பின்னச்சோடு சேர்ந்திருந்தது. அதே முறையைச் சாலை வண்டிக்கும் கொண்டுவந்தனர். எஞ்சினை முன்னால் வைத்து, கிளச்சையும் கியர் பெட்டியையும் பின்சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்த்தனர். பாரம் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டது. வளைவுகளில் வண்டி நிதானமாகத் திரும்பியது. 1974இல் வந்த ஆல்ஃபெட்டா ஜி.டி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரும், 1980இல் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த ஜி.டி.வி. ஆறும் இதே அமைப்பைக் கொண்டவை. உலகில் இவ்வண்டிகளை இன்றும் பேணிவருவோர் பலர் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இவ்வண்டியில் மிகத் தெளிவாகத் தெரிவதால் இதையே உதாரணமாகக் கொள்வோம்.

கிளச் பின்னால் போய்விட்டதன் விளைவு என்ன? எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் இடையே தண்டு வந்துவிட்டது. ஆகவே எஞ்சின் ஓடும் வேளையெல்லாம் தண்டும் ஓடுகிறது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதும் அது சுழன்றுகொண்டிருக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு 900 சுற்றுகள் சுற்றினால் தண்டு வினாடிக்கு 15 முறை சுற்றுகிறது. 6000 சுற்றுகளில் வினாடிக்கு 100 முறை. இதில் ஒரு நன்மையும் உண்டு. சாதாரண வண்டியில் முதல் கியரில் புறப்படும்போது எஞ்சினின் முறுக்கு விசையைக் கியர் பெட்டி மூன்று மடங்கிற்கு மேலும் பெருக்கித் தண்டின்மீது ஏற்றுகிறது. ஆல்ஃபெட்டாவின் தண்டுக்கு அந்தச் சுமை இல்லை. எஞ்சின் கொடுக்கும் முறுக்கு மட்டுமே அதற்கு வந்து சேர்கிறது. சுமை குறைவு, வேகம் மிகுதி என்று சுருக்கிச் சொல்லலாம்.

சுமை குறைவாக இருப்பதால் தண்டின் மூட்டுகளை ரப்பரால் செய்ய முடிந்தது. தண்டு இரண்டு துண்டுகளாக அமைந்தது. எஞ்சினைத் தொடும் இடத்தில் ஒன்று, இரு துண்டுகளும் சேரும் நடுவிடத்தில் ஒன்று, கிளச்சைத் தொடும் இடத்தில் ஒன்று என மூன்று ரப்பர் வளையங்கள் உள்ளன. உளுந்து வடையைப்போல் நடுவில் துளை கொண்ட தடித்த வளையம் அது. ஒருபக்கத் தண்டின் மூன்று கைகளும் மறுபக்கத் தண்டின் மூன்று கைகளும் மாறி மாறி அந்த வளையத்தில் போல்ட்டுகளால் பிணைக்கப்படுகின்றன. இவ்வகை மூட்டுக்கு இத்தாலியர் வழங்கும் பெயர் ஜூபோ. பொறியாளர் பொஸ்கி என்பவரின் பெயரையும், மூட்டு என்று பொருள்படும் ஜுந்தோ என்னும் சொல்லையும் சுருக்கிச் சேர்த்தால் இந்தப் பெயர் கிடைக்கிறது.

ரப்பர் வளைந்து கொடுக்கக்கூடியது. ஆகவே தண்டு இடம்விட்டு விலகாமல் நடுமையத்தில் நிற்க வேறு துணை தேவைப்படுகிறது. அத்துணைதான் புஷ். ஒருபக்க முனையிலுள்ள முளை மறுபக்கத்திலுள்ள சிறு குழலுக்குள் அமர்ந்து சுழலின் மையத்தைக் காக்கிறது. அந்தக் குழலைப் பட்டறைகளில் புஷ் என்றே சொல்வதால் நாமும் அப்பெயரையே வைத்துக்கொள்வோம். இவை தவிர, தண்டின் நடுவே அதைத் தாங்கும் பேரிங் ஒன்றும், அந்தப் பேரிங்கைச் சுற்றி ரப்பர்த் தொட்டில் ஒன்றும் உண்டு. கியர் பெட்டியைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர்த் தாங்கிகள் வேறு. ஓட்டுநரின் கையருகே உள்ள கியர்க் கோலிலிருந்து பின்னால் இருக்கும் பெட்டிவரை செல்லும் நீண்ட கம்பியின் மூட்டுகளிலும் சிறு புஷ்கள் உள்ளன.

இந்தப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கடமை ஒன்றே. எஞ்சினின் அதிர்ச்சியைத் தாம் வாங்கிக்கொண்டு, கியர்ப் பற்களையும் பேரிங்குகளையும் காப்பது. மெல்லிய பொருள் தேய்ந்தால்தான் கடினமான பொருள் தேயாமல் இருக்கும். ஆகையால் இவை தேய்வது குறையாகாது. தேய்ந்த பிறகும் விட்டுவைப்பதே குறை.

தேய்வை அறிவது எப்படி? ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் தரைக்கு அடியில் ‘தட்’ என்ற ஓசை எழும். கியர்க் கோல் இங்கும் அங்கும் தளர்ந்து ஆடும். அதிர்வைக் கொண்டும் கண்டறியலாம். சாதாரண வண்டியில் தண்டின் கோளாறால் உண்டாகும் அதிர்வு வண்டியின் வேகத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஆல்ஃபெட்டாவிலோ அது எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது. வண்டியை நிறுத்தி, கியர் இல்லாமல் எஞ்சினை மட்டும் விரைவாக ஓட்டினாலும் அந்த அதிர்வு தோன்றும். எஞ்சின் தாங்கிகள் தளர்ந்தாலும் இதைப்போன்ற அறிகுறி காணக்கூடுமாதலால், ஓசையை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. அடியிலிருந்து கண்ணால் பார்க்க வேண்டும். போல்ட்டுகள் நுழையும் இடத்தைச் சுற்றி ரப்பரில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, இரும்பிலிருந்து ரப்பர் விலகியிருக்கிறதா, எண்ணெய் பட்டு ஊறிப்போயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

வெடித்த வளையத்தோடு ஓடினால் விளைவு என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மையம் பிசகிய தண்டு அதிரும். அந்த அதிர்வு அடுத்த வளையத்தைக் கெடுக்கும். நடுப் பேரிங்கை உடைக்கும். கிளச் தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தேய்க்கும். வேகமாகச் செல்கையில் வளையம் அறுந்துபோனால், வினாடிக்குப் பல பத்துச் சுற்றுகள் சுற்றும் இரும்புத் தண்டு கட்டவிழ்ந்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் அந்தத் தகட்டு மேட்டை அடித்து நொறுக்கும் அபாயம் உண்டு. அங்கே அமர்ந்திருப்பவர்கள் மனிதர்கள்.

இனிக் கிளச் வேலைக்கு வருவோம். இவ்வண்டியில் கிளச் தகட்டை மாற்ற, கியர் பெட்டியைக் கீழே இறக்குவதே வழக்கம். பின்சக்கர பிரேக் தகடுகள் சக்கரங்களில் இல்லாமல் பெட்டியின் இருபுறமும் ஒட்டியிருப்பதால் பிரேக் குழாய்களையும் கழற்ற நேரிடும். சக்கரங்களுக்குச் செல்லும் அரைத் தண்டுகள், கிளச்சின் எண்ணெய்க் குழாய், கியர்க் கம்பி ஆகிய அனைத்தும் பிரிக்கப்படும். பின்பக்க ரப்பர் வளையம் கழன்றே தீரும். கூலியில் பெரும்பகுதி இவ்வளவில் செலவாகிவிட்டது. இனி எஞ்சியிருப்பது புகைக்குழாயை விலக்கித் தண்டை வெளியே எடுப்பது மட்டுமே. இந்நிலையில் பழைய வளையத்தையே திரும்பவும் பூட்டி, ஆறு மாதம் கழித்து அது வெடித்தால், அதே கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும்.

ஆகவே கிளச் தகட்டோடு மூன்று வளையங்கள், மையப் புஷ்கள், நடுப் பேரிங்கும் அதன் ரப்பர்த் தொட்டிலும், பெட்டியின் தாங்கிகள், கியர்க் கம்பியின் புஷ்கள், எண்ணெய் கசியும் சீல் ஆகியவற்றை ஒரே பட்டியலில் எழுதிக்கொள்வது நன்று. எண்ணெய் கசிவை நிறுத்தாமல் புதிய ரப்பரை வைப்பது வீண். எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். ஆனால் கைக்கு எட்டியது என்பதற்காகவே நல்ல பாகங்களையும் மாற்றச் சொல்லலாகாது. ஆட்டமில்லாத, ஓசையில்லாத பேரிங்கையும் பற்சக்கரத்தையும் அப்படியே விட்டுவிடலாம். ரப்பருக்கு அந்தச் சலுகை கூடாது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் அது வயதாகி இறுகுகிறது.

பூட்டும்போது சில விதிகள் உண்டு. பிரிப்பதற்கு முன்பே தண்டின் இரு துண்டுகளிலும் வண்ணத்தால் அடையாளம் இட வேண்டும். மாறிப் பூட்டினால் சமநிலை கெடும். புதிய வளையத்தைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியிருந்தால், போல்ட்டுகள் எளிதில் நுழைவதற்காக ரப்பரை இறுக்கிப் பிடிக்கவே அது கட்டப்பட்டது. எல்லாம் பூட்டிய பிறகு அதை அகற்றிவிட வேண்டும். போல்ட்டைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளாது. ரப்பர் புஷ்ஷை அழுத்திச் செருகச் சோப்பு நீரே போதும், எண்ணெய் கூடாது. முடிவில் பிரேக் குழாய்களிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றாமல் வண்டியைச் சாலையில் எடுக்கக்கூடாது.

உயிருக்கு அபாயமான செய்திகள் இரண்டைத் தனியே சொல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகள்மேல் வண்டியை நிறுத்திய பிறகே உள்ளே செல்ல வேண்டும். அடுத்து, பழைய கிளச் தகடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றால் ஊதினால் அது மூச்சோடு சென்று நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

நம்மில் பலரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. எனினும் சிறிய வண்டியோ, வாடகை வண்டியோ எதுவாயினும், பெரிய வேலைக்காக அதைத் திறக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் ரப்பரையும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லும் உரிமை உடையவருக்கு உண்டு. உள்ளூர் மொழி முழுதும் பழகாத நகரங்களில் வசிக்கும் நமக்கு மெக்கானிக்கிடம் விவரமாகப் பேசுவது எளிதாயிராது. வேலை தொடங்குமுன் பட்டியலைக் கையில் கொடுங்கள். முடிந்தபின் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெடித்த ரப்பரை விரலால் வளைத்துப் பார்ப்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை.