கயிறு காட்டும், எண்ணெய் மறைக்கும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய விவாதத்துக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வளைகுடாவில் பாய்மரப் படகுகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்த்தவர் என்று செயலாளர் அண்ணாச்சி என்னை அறிமுகம் செய்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். நம் தாமிரபரணியோடு கீழே போனால் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியர்களின் துறைமுகம். அதற்கு வடக்கே தூத்துக்குடி. அங்கே பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது அவற்றில் இன்ஜின் இருக்கிறது. முன்பு பாயும் கயிறும்தான். அந்த வாழ்க்கையை அறிய ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலைப் படியுங்கள். 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

கயிறு நல்ல மனுஷன் மாதிரி. அறுவதற்கு முன்னால் பிசிறு விடும், தடவினால் கைக்குத் தெரியும். ஹைட்ராலிக் அப்படியில்லை. பலம் முழுக்க குழாய்க்குள் இருக்கும் எண்ணெயில். பலவீனமும் அதற்குள்ளேயேதான்.

பெரிய பாய்மரப் படகில் பாய்மரத்தின் உச்சியிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு இரும்புக்கம்பி வரும். பேக்ஸ்டே என்பார்கள். அதை இழுத்தால் பாய்மரம் லேசாக வளையும், முன்பக்கக் கம்பி விறைக்கும், பாய் தட்டையாகும். காற்று கூடும்போது இது அவசியம். இழுக்க வேண்டிய பாரம் டன் கணக்கில். அதனால் கம்பியின் அடியில் ஒரு சிலிண்டரை வைத்து, கைப்பம்பால் எண்ணெயை அழுத்துகிறோம். 2017இல் பெர்முடாவில் நடந்த அமெரிக்கா கோப்பைப் போட்டியில் நியூசிலாந்து அணியினர் சைக்கிள் மிதிப்பதுபோலக் காலால் மிதித்தே இந்த அழுத்தத்தை உண்டாக்கி, கோப்பையையும் வென்றார்கள்.

வாங்கும்போது முதல் கேள்வி, இது தேவையா என்பது. சின்னப் படகுக்குக் கப்பியும் நல்ல கயிறும் போதும். உலகத்தைச் சுற்றப் போகிறவருக்குக் கேள்வியே வேறு. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்ட நம் கடற்படையின் தாரிணி படகில் இரண்டே பேர்: தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 2025 மே மாதம் திரும்பி வந்தார்கள். அந்த மாதிரிப் பயணத்தில் நடுக்கடலில் மெக்கானிக் வரமாட்டார். தன் கையால் பழுது பார்க்க முடிகிற பொருளைத்தான் நம்பலாம்.

இரண்டாவது கேள்வி அளவு. ‘பெரிய சிலிண்டரே இருக்கட்டும்’ என்பது தப்பு. கணக்கைப் பாருங்கள். எண்ணெய் அழுத்தும் பரப்பு 10 சதுர செ.மீ., ஒரு சதுர செ.மீ.க்கு 300 கிலோ அழுத்தம் என்றால் இழுவிசை 3 டன். 8 மி.மீ. எஃகுக்கம்பி அறுவது சுமார் 5 டன்னில். பாதிக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது நாங்கள் வைத்திருந்த வழக்கம். ஆகவே 200 கிலோவில், அதாவது 2 டன்னில் நிற்கும்படி ரிலீஃப் வால்வைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் பம்பு அடிக்கிறவரின் உற்சாகமே பாய்மரத்தைச் சாய்த்துவிடும்.

மூன்றாவது, சீலும் உதிரிப்பாகமும் உள்ளூரில் கிடைக்குமா? கிடைக்காத பொருள் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. படகு நிற்கும்போது அழுத்தத்தை இறக்கி வையுங்கள். ராடை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு அரித்த ஒரு சிறு பள்ளம்கூட ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். தயாரித்தவர் சொன்ன எண்ணெயை மட்டும் வடிகட்டி ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றினால் சாதாரண சீல் ஊறிக் கெட்டுப்போகும். எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் காணாமல் கேஜ் முள் இறங்கினால் உள்ளே கசிகிறது. இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இன்று பேச ஒத்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன், எங்கே கசிகிறது என்று பார்க்க ஹோஸ் மேல் விரலை வைத்துத் தடவினான். கயிற்றைத் தடவிப் பழகிய கை. ஊசித்துளை வழியாக எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தது. வெளியே ஒரு சிவப்புப் புள்ளி, வலியும் பெரிதாக இல்லை. “காலையில் பார்த்துக்கலாம்” என்றான். நானும் சரி என்றேன். ராத்திரிக்குள் கை வீங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்தும் விரல் போயிற்று. அந்தச் ‘சரி’யை நான் சொல்லியிருக்கக் கூடாது. புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எண்ணெய் உள்ளே போனது என்று சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட அழுத்தத்தை இறக்கு. முடியாவிட்டால் தள்ளி நின்று அட்டையைக் காட்டிப் பார். கை வேண்டாம்.

நம் லிஃப்டும் ஹைட்ராலிக்தான். போன மாதம் மிஷின் ரூமில் நம் காவலாளித் தம்பி வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனசு. ஆனால் குழாய் அருகே கை போனதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்துவிட்டான்.

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. எது மலிவு என்று கேட்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். சீல் மாற்றுவது ஒப்பந்தத்தில் உண்டா? என்ன எண்ணெய் ஊற்றுவார்கள்? ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை எழுதி வைப்பார்களா? கசிவு என்றால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்? அதுவரை மிஷின் ரூம் சாவி செயலாளரிடமே இருக்கட்டும்.