கொப்புளம் ஒட்டிக்கொள்ளாது; பரம்பரைச் சாபமும் இல்லை

(போடிநாயக்கனூரில் நமது டிரஸ்டின் மாதாந்திர மருத்துவ விளக்கக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே! சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றி இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு நோய். பெயர் பெம்ஃபிகஸ். அபூர்வமாக வருவதுதான். ஆனால் வந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ளாததால் ஏற்படும் கெடுதி, நோயின் கெடுதியைவிடச் சில சமயம் பெரிதாகிவிடுகிறது.

முதலில் வாயில் புண் வரும். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இதுதான் தொடக்கம். வயிற்றுச் சூடு, வைட்டமின் குறைவு என்று மாதக்கணக்கில் பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுவோம். புண் ஆறாது. பிறகு மார்பில், முதுகில், தலையில் தளதளவென்று கொப்புளம் கிளம்பும். தொட்டாலே உடையும். உடைந்த இடம் தீப்பட்டது போல எரியும். அப்போது நம் ஊரில் என்ன செய்கிறோம்? அக்கி என்று சொல்லிக் காவி எழுதப் போகிறோம். அல்லது அம்மை என்று வேப்பிலை போட்டுப் படுக்க வைக்கிறோம். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அம்மையும் அதற்குள் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் அது இரண்டுமில்லை.

தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் பூசும் காரை மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, டெஸ்மோக்ளின் என்று பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் சொந்த எதிர்ப்பு சக்தி இந்தக் காரையை அந்நியன் என்று நினைத்து அடிக்கிறது. காரை உதிர்கிறது, செங்கல் பிரிகிறது, இடையில் நீர் கோக்கிறது. 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவர்தான் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் தவறான எதிர்ப்பொருள் இருப்பதை முதலில் காட்டினார்கள். ஆக, நோய் உள்ளே பிறக்கிறது. வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம். ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழலாம்.

வயதானவர்களுக்கு வரும் பெம்ஃபிகாய்ட் என்ற தம்பி நோய் ஒன்று உண்டு. அதில் சுவர் அஸ்திவாரத்திலிருந்தே பெயர்ந்துகொள்ளும். கொப்புளம் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் உடையாது. சில மாதம் முன்பிருந்தே அரிப்பு இருக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் வில்டாகிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடுவதுண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் நன்னா, நன்னிமா யாருக்காவது இப்படி வந்தால் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த நோய் வந்த ஒரு தாய், மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனதாகச் சொல்லி என் முன்னால் அழுதார். "தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். இதற்கு நான் அறிவியலில் இருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. உடம்புக்குள் கிடைக்கும் புரதத் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து எதிர்ப்பு செல்களுக்குக் காட்டுவது அதன் வேலை. தாம்பாளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். சில வடிவங்களில் டெஸ்மோக்ளின் துண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது, அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. யூத நோயாளிகளிடம் டிஆர்பி1 0402 என்ற வடிவம் அதிகம். இந்திய நோயாளிகளிடம் டிக்யூபி1 0503 என்ற வடிவம் அடிக்கடி தென்படுகிறது. ஆனால் கவனியுங்கள். இந்த வடிவம் உள்ளவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு கொப்புளமும் வருவதில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவதே அரிது. இதைச் சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்துவது அறியாமை. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், அநியாயமும்கூட.

பிறந்த குழந்தைக்கே, உரசிய இடமெல்லாம் தோல் உரிந்தால் அது வேறு நோய். அது மரபணுவின் நேரடிப் பிழை. அதில் சில வகைகள் மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் கூடுதலாக வருகின்றன. அப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டில், அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது அவசியம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மரபணு மட்டும் போதாது என்றால் வேறு எது சேர்கிறது? நம் தோலின் மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அக்குளில் ஒரு கூட்டம், நெற்றியில் ஒரு கூட்டம், முழங்கையில் வேறொன்று. ஜெர்மனியில் எலிகளை வைத்து ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கொப்புள நோயைத் தூண்டியபோது, மரபணுவோடு சேர்ந்து தோலின் நுண்ணுயிர்க் கூட்டமும் யாருக்கு நோய் வரும் என்பதில் பங்கெடுத்தது. பலவகை நுண்ணுயிர்கள் செழித்திருந்த எலிகள் நோயிலிருந்து தப்பின. பிறகு பெம்ஃபிகாய்ட் வந்த மனிதர்களின் தோலைப் பார்த்தபோது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, சீழ் பிடிக்க வைக்கும் கிருமி கூடியிருந்தது. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனால் உடைந்த கொப்புளத்தில் இந்தக் கிருமி புகுந்து ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே டெட்டாலை அப்படியே ஊற்றித் தேய்க்காதீர்கள். நல்லது செய்யும் கூட்டமும் அழியும், புண்ணும் வேகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை மருத்துவர் சொன்ன அளவில், வெளிர் ரோஜா நிறத்தில் கலந்து ஒற்றுங்கள். புண்ணில் துணி ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கிறதா? சுத்தப்படுத்திய வாழை இலையை விரித்துப் படுக்க வைப்பது நம் நாட்டுத் தோல் வார்டுகளில் உள்ள வழக்கம். ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். நம் ஊரில் வாழை இலைக்கா பஞ்சம்?

விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெயில் இந்த நோயைக் கூட்டும். சில நாடுகளில் நோயாளிகளை விசாரித்தபோது பூச்சிமருந்துப் புழக்கமும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. அதனால்தான் வருகிறது என்று அறுதியிட முடியாது. ஆனாலும் நோய் உள்ளவர்கள் மருந்தடிப்பு நடக்கும் பாத்தியில் நிற்க வேண்டாம். மருந்தடித்துவிட்டு வருபவரின் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

சிகிச்சை உண்டு. 1950களுக்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். ஸ்டீராய்டு வந்தபின் நிலைமை மாறியது. அதற்கு மேல் ஒரு படி நம் நாட்டவர் வைத்தது. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை, மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெத்தசோன் குளுக்கோஸில் ஏற்றுவார்கள். அதில் ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேரும். இந்தியா முழுக்க எத்தனையோ ஏழை நோயாளிகள் இதனால் பிழைத்தார்கள். இப்போது ரிடுக்சிமாப் என்ற ஊசி இருக்கிறது. தவறான எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களையே அது குறிவைக்கிறது. 2018இல் அமெரிக்க அரசு இதைப் பெம்ஃபிகஸுக்கு அங்கீகரித்தது. விலை அதிகம்தான், ஆனால் உள்நாட்டுத் தயாரிப்பு 2007 முதலே உண்டு. க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை பெரியாஸ்பத்திரியிலோ தோல் பிரிவில் காட்டுங்கள். காப்பீட்டு அட்டையையும் கொண்டுபோய் அதன் கவுண்டரில் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு சொந்தமாக அதைச் சுரப்பதை மறந்திருக்கும், ஆள் மயங்கி விழலாம். ரமளானில்தான் இது அதிகம் நடக்கிறது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, அதை ஆலிம்சாவிடம் கேளுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வாய்ப்புண் உள்ளவருக்குக் கஞ்சியைக் காரமில்லாமல் தனியாக எடுத்து வையுங்கள். ஒளுவைப் பொறுத்தவரை மருத்துவர் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அழுத்தித் தேய்த்தால் நல்ல தோலும் உரியும். தண்ணீர் ஊற்றுவதா, தயம்மும் செய்வதா என்பதைப் புண்ணின் நிலையைச் சொல்லி ஆலிம்சாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் பக்கமிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. "இந்த நோய் இருப்பவள் பிள்ளை பெறலாமா?" பெறலாம். ஆனால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, பாலும் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து சினைப்பையையும் விந்தையும் பாதிக்கக்கூடியது. எனவே புதிதாகக் கல்யாணமானவர்கள், ஆணோ பெண்ணோ, மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாயின் எதிர்ப்பொருள் கடந்து போய்க் குழந்தை சில கொப்புளங்களோடு பிறக்கலாம். பயப்படாதீர்கள். சில வாரங்களில் அது தானாக மறைந்துவிடும், திரும்ப வராது.