டார்க்கெஸ்ட் டஞ்சன்: முதல் பத்து வாரம் தாக்குப்பிடிப்பது எப்படி?

டர்ன் பேஸ்டு கேம் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. அதுல பாதிப் பேர் கேட்கிறது ஒரே கேள்விதான்: "டார்க்கெஸ்ட் டஞ்சன் சேல்ல வாங்கினேன். ஒன்றரை மணி நேரத்துல நாலு பேரும் செத்துட்டாங்க. ரீஃபண்ட் போட்டுடவா?" ஸ்டீம்ல 2 மணி நேரம் தாண்டிட்டா சாதாரணமா ரீஃபண்ட் கிடையாது. அதனால இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சிடுங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கனடாவில் வான்கூவர் நகரத்துல இருக்கிற ரெட் ஹுக் ஸ்டுடியோஸ் பண்ண கேம் இது. 2014ல கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்ட பணம் திரட்டி, 2016 ஜனவரியில முழுசா ரிலீஸ் பண்ணாங்க. கதை சிம்பிள். உங்க முன்னோர் ஒருத்தர் பேராசையில குடும்ப மாளிகைக்குக் கீழ தோண்டக்கூடாததைத் தோண்டி, ஊரையே நாசம் பண்ணிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். நீங்க வாரிசு. கூலிக்கு வர்ற வீரர்களை நாலு நாலு பேரா அனுப்பி அதைச் சுத்தம் பண்ணணும். பின்னணியில அந்த முன்னோரே பேசிட்டு இருப்பார். வெய்ன் ஜூன் கொடுத்த குரல் அது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

கஷ்டம் எங்க வருதுன்னா, செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க. கேம் ஒவ்வொரு அடிக்கும் தானே சேவ் பண்ணிக்கும். பழைய சேவுக்குப் போற வசதி கிடையாது. நம்ம ஃபீல்டு ஆட்களுக்குச் சொல்லணும்னா, ரோல்பேக் இல்லாத புரொடக்ஷன். இதை மனசுல வாங்கிக்கிட்டா மீதி எல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

நிற்கிற இடம்தான் முதல் ஆயுதம்

உங்க நாலு பேரும் ஒரே வரிசையில நிற்பாங்க. எதிரிகளும் அப்படித்தான். ஒவ்வொரு ஸ்கில்லையும் சில இடங்களிலிருந்துதான் போட முடியும், சில இடங்களைத்தான் அது தாக்கும். ஆரம்பத்துல கிடைக்கிற நாலு பேரை இப்படி நிறுத்துங்க: முன்னால க்ரூசேடர், ரெண்டாவது ஹைவேமேன், மூணாவது வெஸ்டல், கடைசியில பிளேக் டாக்டர். க்ரூசேடர் வாளால முன்வரிசையை அடிப்பார். ஹைவேமேன் துப்பாக்கி எதிரியோட கடைசி இடம் வரைக்கும் போகும். வெஸ்டல் ஹீல் பண்ணுவாங்க. பிளேக் டாக்டர் எறியிற விஷக்குண்டு பின்னால இருக்கிற ரெண்டு பேரையும் சேர்த்துத் தாக்கும்.

புதுசா ஆடுறவங்க எல்லாரும் முன்னால நிற்கிற பெரிய ஆளைத்தான் முதல்ல அடிக்கிறாங்க. கண்ணுக்கு அவன்தான் ஆபத்தாத் தெரியுறான். ஆனா பின்னால ஒருத்தி மந்திரம் சொல்லிட்டு நிற்பா, இல்ல ஒரு எலும்புக்கூடு கையில கோப்பையோட நிற்கும். அவங்க அடி பெருசா வலிக்காது. ஆனா உங்க ஆட்களோட ஸ்ட்ரெஸை ஏத்தி விட்டுடுவாங்க. முதல்ல அவங்களை முடிங்க. முடிக்க முடியலைன்னா ஸ்டன் பண்ணுங்க. ஒரு டர்ன் சும்மா நிற்கிற எதிரி, அந்த டர்னுக்குச் செத்த எதிரி மாதிரிதான்.

முதல் சில வாரம் ரூயின்ஸ் ஏரியாவுக்கே போங்க. அங்க எலும்புக்கூடுகள் அதிகம். அதுங்களுக்கு ரத்தம் கிடையாது, அதனால ப்ளீட் எடுபடாது. விஷம் நல்லாவே எடுபடும். எலும்புக்கு விஷம் எப்படி ஏறும்னு கேட்காதீங்க. கேம் டிசைன்.

உயிரை விட ஸ்ட்ரெஸைப் பாருங்க

ஒவ்வொருத்தருக்கும் ஸ்ட்ரெஸ் மீட்டர் 0ல தொடங்கி 200 வரை போகும். 100 தொட்டதும் அந்த ஆளோட மனசுக்கு ஒரு பரீட்சை. சாதாரணமா நாலுல ஒரு தடவை மட்டும் அவர் நிமிர்ந்து நின்னு, கூட இருக்கிறவங்களுக்கும் தைரியம் கொடுப்பார். மீதி மூணு தடவை உடைஞ்சு போவார். பயந்தவரா, சுயநலக்காரரா, எல்லாரையும் திட்டுறவரா மாறிடுவார். தன் டர்னை வேணாம்னு விடுவார், ஹீல் பண்ண வந்தா தள்ளி விடுவார், கத்திக் கத்தி மத்தவங்க ஸ்ட்ரெஸையும் ஏத்துவார். டீம்ல ஒருத்தர் உடைஞ்சா அது அவரோட நிற்காது. 200 வந்தா மாரடைப்பு.

அதனால ஸ்ட்ரெஸ் 70, 80 வந்ததும் உஷாராகிடுங்க. குறைக்க வழி இருக்கு. உங்க ஆள் க்ரிட்டிக்கல் அடிச்சா டீமுக்குக் கொஞ்சம் குறையும். க்ரூசேடர், ஜெஸ்டர், ஹவுண்ட்மாஸ்டர் மாதிரி சிலர்கிட்ட ஸ்ட்ரெஸ் குறைக்கிற ஸ்கில்லே இருக்கு. பெரிய குவெஸ்ட்னா நடுவுல கேம்ப் போடலாம். இன்னொண்ணு, வந்த வழியே பின்னால நடந்தாலும் ஸ்ட்ரெஸ் ஏறும். மேப்பை முதல்லயே பார்த்து ரூட் போட்டுக்குங்க.

டெத்ஸ் டோர்: கணக்கைப் புரிஞ்சுக்குங்க

உயிர் 0 ஆனதும் ஆள் உடனே சாக மாட்டார். டெத்ஸ் டோர்னு ஒரு நிலைக்குப் போவார். அதுக்கப்புறம் விழுற ஒவ்வொரு அடிக்கும் சாதாரணமா மூணுல ஒரு பங்கு சாவு வாய்ப்பு. விஷமும் ரத்தக்கசிவும்கூட அடிதான். விஷம் ஏறின ஆள் டெத்ஸ் டோர்ல இருந்தா, எதிரி தொடவே வேணாம், அவர் டர்ன் வந்தாலே உயிருக்கு ஒரு காயின் டாஸ் மாதிரி ஆகிடும்.

நல்ல செய்தி, ஒரே ஒரு பாயிண்ட் ஹீல் கிடைச்சாலும் அவர் அந்த வாசலை விட்டு வெளிய வந்துடுவார். அப்ப அடுத்த அடி அவரைக் கொல்லாது, திரும்ப வாசலுக்குத்தான் அனுப்பும். அதனால 'ஹீல் கம்மியாத்தான் இருக்கு, வீணா எதுக்கு'ன்னு யோசிக்காதீங்க. அந்த நேரத்துல அளவு முக்கியமில்லை, யார் டர்ன் முதல்ல வருதுங்கிறதுதான் முக்கியம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஷாப்பிங்

காசை மிச்சம் பிடிக்கிறேன்னு சாப்பாட்டுல கை வைக்காதீங்க. வழியில திடீர்னு பசிக்கும். நாலு பேருக்கு நாலு பங்கு போகும். இல்லைன்னா உயிரும் குறையும், ஸ்ட்ரெஸும் ஏறும். சின்ன குவெஸ்ட்டுக்கு 8 சாப்பாடு, 8 டார்ச், 2 ஷவல்னு வெச்சா நிம்மதி. ஷவல் இல்லாம பாதை அடைச்சிருந்தா கையால தோண்டுவாங்க. அதுக்கும் உயிர், ஸ்ட்ரெஸ், வெளிச்சம்னு மூணுலயும் விலை கொடுக்கணும். கூட கொஞ்சம் பேண்டேஜ், ஆன்டிவெனம்.

வெளிச்சம் 75க்கு மேல இருந்தா எதிரி திடீர்னு பாய்ற வாய்ப்பு குறையும். இருட்டுல புதையல் அதிகம் கிடைக்கும், அடியும் அதிகம் விழும். கத்துக்கிற வரைக்கும் வெளிச்சத்துலயே நடங்க. ஒரு எச்சரிக்கை: வழியில விசித்திரமான ஒரு பலிபீடம் வந்தா அதுல டார்ச் வைக்காதீங்க. ஷாம்ப்ளர்னு ஒண்ணு வரும். முதல் பத்து வாரத்துல அதை நீங்க சந்திக்க வேணாம்.

திரும்பி வர்றதும் ஒரு மூவ்தான்

இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா இதை வெச்சுக்குங்க. சண்டையிலிருந்து ஓடலாம், சில சமயம் ஓட்டம் பலிக்காது, மறுபடி முயற்சி பண்ணலாம். குவெஸ்ட்டையே பாதியில விட்டுட்டு ஊருக்கு வரலாம். அதுக்கு விலை, எல்லாருக்கும் கொஞ்சம் ஸ்ட்ரெஸ் ஏறும், குவெஸ்ட் பரிசு போயிடும். ஆனா அது வரைக்கும் பையில சேர்த்தது உங்களோடது. நாலு பேரும் உயிரோட இருப்பாங்க.

சாதாரண மோடுல இந்த கேமுக்கு டெட்லைன் கிடையாது. ஒரு வாரம் வீணாப் போனா ஒரு வாரம்தான் போச்சு. மூணாவது லெவல் வரைக்கும் வளர்த்த ஆள் போனா, பல வார உழைப்பு போச்சு. இருந்தும் நம்ம கை அந்த ரிட்ரீட் பட்டனுக்குப் போகாது. 'இன்னும் ரெண்டே ரூம்தானே, இவ்வளவு தூரம் வந்துட்டோமே'ன்னு மனசு சொல்லும். வந்த தூரம் ஏற்கெனவே செலவான காசு. அடுத்த ரூம்ல என்ன நடக்கும்ங்கிறதை அது மாத்தாது. எனக்குத் தெரிஞ்சு, நாலு பேரும் சாகுற கதைகள்ல பெரும்பாலும் கடைசியா ஒரு 'இன்னும் ஒரே ரூம்' இருக்கும்.

ஊர்ல காசு எங்க போடுறது?

முதல்ல ஸ்டேஜ் கோச்சை அப்கிரேட் பண்ணுங்க. வாராவாரம் புது ஆட்கள் இலவசமா வருவாங்க, அப்கிரேட் பண்ணா அதிகமா வருவாங்க, அதிகம் பேரை வெச்சுக்கவும் முடியும். பார்லயோ அபேயிலயோ ஸ்ட்ரெஸ் குறைக்கப் போனவர் அந்த வாரம் வேலைக்கு வர மாட்டார். அதனால ஒரே நாலு பேரை நம்பி ஓட்ட முடியாது. குறைஞ்சது ரெண்டு டீம் சமமா வளரட்டும். அதுக்கப்புறம் பிளாக்ஸ்மித், கில்ட்.

கடைசியா, ஒரு டிப்ஸ், ஒரு கேள்வி

அனுபவசாலிகள் எல்லாரும் சொல்ற ஒரு ட்ரிக் இருக்கு. புது ஆட்கள் இலவசம்தானே. நாலு பேரை டார்ச்சே இல்லாம இருட்டுக்குள்ள அனுப்பு, கிடைக்கிறதைச் சுருட்டிட்டு வா, மனசு உடைஞ்சு திரும்பி வந்தா வேலையை விட்டுத் தூக்கிடு. அடுத்த வாரம் வண்டியில வேற ஆள். கணக்குப்படி இது நூறு சதவீதம் வேலை செய்யும். காசே இல்லாம மாட்டிக்கிட்டா இதுதான் வழி. அதனால மறைக்காம சொல்றேன்.

ஆனா இந்த கேமை ஆடுற நம்மள்ல நிறைய பேர் ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறோம். ஆளை 'ரிசோர்ஸ்'னு எழுதின எக்செல் ஷீட்ல நம்ம பேரும் எங்கயோ ஒரு ரோல இருக்கு. ப்ராஜெக்ட்டுக்காக எரிஞ்சு போன ஒருத்தர் சத்தமில்லாம மாத்தப்படுறதை இந்த ஃபீல்டுல யாரும் பார்க்காம இருக்க முடியாது. கேம்ல மேனேஜர் சீட் நம்மகிட்ட வருது, அதே ஷீட் நம்ம கையில வருது. எவ்வளவு ஈசியா அதே மாதிரி யோசிக்க ஆரம்பிக்கிறோம்னு கவனிச்சுப் பாருங்க. ரெட் ஹுக் ஆட்கள் ஸ்ட்ரெஸ் மீட்டரை வெச்சதுக்கு இதுதான் அர்த்தம்னு நான் படிச்சுக்கிறேன்: வீரர்னாலும் மனுஷன்தான், அவனுக்கும் ஒரு எல்லை இருக்கு.

அதனால என் கடைசி டிப்ஸ் கொஞ்சம் வித்தியாசமானது. வர்றவங்களுக்கு நீங்களே பேர் வைங்க. கேம்ல பேர் மாத்துற வசதி இருக்கு. பாண்டின்னு வைங்க, செல்வின்னு வைங்க. பேர் வெச்ச ஆளை டார்ச் இல்லாம அனுப்ப முன்னாடி ஒரு செகண்ட் யோசிப்பீங்க. அந்த ஒரு செகண்ட்லதான் ரிட்ரீட் பட்டனும் கண்ணுல படும். அப்படி ஆடுறது கேமுக்கும் நல்ல ஸ்ட்ராட்டஜிதான்.

அப்பவும் சிலர் சாவாங்க. ஊர்ல சுடுகாடு ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க, யார் எங்க எப்படிப் போனாங்கன்னு எழுதியிருக்கும். அதைப் படிச்சா அடுத்த தடவை பேண்டேஜ் ரெண்டு சேர்த்து வாங்குவீங்க.

ரீஃபண்ட் கேட்டவங்களுக்கு: போடாதீங்க, இன்னும் நாலு வாரம் ஆடிப் பாருங்க. உங்க முதல் டீம்ல யார் மிஞ்சினாங்க, என்ன பேர் வெச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். அது வரைக்கும் டார்ச்சை அணைக்காதீங்க.